வள்ளியம்மாள் நின்ற வரிசை

குருபோங்கில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிய்த்தெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மேலே நாள்காட்டி அட்டை ஒட்டியது. தைத்தவர் என் சித்தப்பா. காலையில் பால் மரம் வெட்டிவிட்டு, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மலாக்கா டவுனுக்குப் போய், ஒரு மாதத்து இதழ்களை மொத்தமாக வாங்கி வருவார். பக்கங்களின் மறுபுறம் பாதி வெட்டுப்பட்ட சிரிப்புத் துணுக்குகளும் பற்பசை விளம்பரங்களும். கதை, சுஜாதாவின் 'ப்ரியா'. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து நான் லண்டனை முதன்முதலில் பார்த்தது அந்தத் தாள்களில்தான். பிறகு 1978இல் அது படமானபோது நாவலின் லண்டன் சிங்கப்பூராகிவிட்டது. சித்தப்பாவுக்கு அந்த மாற்றம் பிடிக்கவே இல்லை.

தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் குருபோங் தாமானுக்குக் குடிவந்தோம். எத்தனையோ சாமான்கள் வழியில் தொலைந்தன. இந்தப் பைண்டு தொலையவில்லை. அதனால்தான் சுஜாதாவை எடைபோட எனக்குப் பெரும் தயக்கம் இருந்தது. நன்றி ஒரு பக்கம் இழுக்கும்போது தராசு நேராக நிற்காது. ஆனால், படிக்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி உண்மையைச் சொல்லாவிட்டால் படித்ததற்குப் பொருளில்லை. ஆகவே அவருடைய எழுத்தை மறுபடியும் வரிசையாகப் படித்தேன். கீழே வருவது அந்த வாசிப்பின் முடிவு.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ். ரங்கராஜன் 1935இல் சென்னையில் பிறந்தவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் இருந்துவிட்டு, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் நெடுங்காலம் பணி செய்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவி சுஜாதாவின் பெயரை எடுத்துக்கொண்டார். 1968இல் 'நைலான் கயிறு' தொடர். அதற்குப் பிறகு 2008 பிப்ரவரி 27இல் இறக்கும்வரை கை ஓயவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களும் குறுநாவல்களும், இருநூற்றைம்பதைத் தொடும் சிறுகதைகள், பத்து நாடகங்கள், அறிவியல் நூல்கள், பத்திகள், கேள்வி-பதில்கள், ஹைக்கூ அறிமுகம், சங்க இலக்கிய எளிய உரைகள், திரைப்பட வசனங்கள். துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, சரித்திரக் கதை, குடும்பக் கதை, காதல் கதை என்று வார இதழ்களில் இருந்த எல்லா அறைகளிலும் அவர் விளக்கேற்றியிருக்கிறார்.

இத்தனை வகையில் எழுதியவரை மதிப்பிடும்போது நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒரு தரப்பு எண்ணிக்கையைக் காட்டி வியக்கிறது. இன்னொரு தரப்பு 'ஜனரஞ்சகம்' என்ற ஒரே சொல்லால் மூடிவைத்துவிடுகிறது. இரண்டுமே படிக்காமல் சொல்லக்கூடிய தீர்ப்புகள். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. இத்தனை வகைகளிலும் புகுந்து புறப்பட்டது பல திறமைகளா, ஒரே திறமையா? ஒரே திறமைதான் என்றால், அது எந்த வகையில் வேர்பிடித்தது, எதில் வாடியது?

என் விடை: ஒரே திறமை. ஒரு மனிதன் வாயைத் திறந்த கணத்தில் அவன் யார், எந்த ஊர், என்ன சம்பளம், எதற்குப் பயப்படுகிறான் என்பதைக் காதால் பிடித்து, மிகக் குறைந்த சொற்களில் தாளில் இறக்கும் திறமை. தமிழில் அந்தக் காது வேறு எவருக்கும் அவ்வளவு கூர்மையாக வாய்த்ததாக நான் நினைக்கவில்லை. இந்தக் காதுக்கு வேகம் உண்டு, பொறுமை குறைவு. வேகத்தைக் கேட்ட வடிவங்களில் அவர் உச்சிக்குப் போனார். பொறுமையைக் கேட்ட வடிவங்களில் பாதியில் நின்றார்.

'நகரம்' சிறுகதையை எடுத்துக்கொள்வோம். மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். பெரிய டாக்டர் பார்க்கிறார், மாணவர்களுக்கு விளக்குகிறார், உடனே சேர்க்கச் சொல்கிறார். அவர் நல்லவர், திறமைசாலி. அதற்குப் பிறகு வள்ளியம்மாள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு அலைகிறாள். வருமானம் எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார். கையெழுத்து வேண்டும் என்கிறார் ஒருவர். படுக்கை காலியில்லை, நாளைக் காலை வா என்கிறார் இன்னொருவர். யாரும் அவளைத் திட்டுவதில்லை, யாரும் லஞ்சம் கேட்பதில்லை. அவள் பயந்துபோய், காய்ச்சல்தானே, ஊர் வைத்தியமும் சாமியும் பார்த்துக்கொள்ளும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறாள். மாலையில் பெரிய டாக்டர் அந்தக் குழந்தை எங்கே என்று தேடும்போது, அவள் போய்விட்டிருக்கிறாள்.

இந்தக் கதையின் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். கொடியவன் ஒருவனை வைத்திருந்தால் நாம் அவன்மேல் கோபப்பட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்போம். சுஜாதா அந்த வசதியை நமக்குத் தரவில்லை. ஒவ்வொரு மேசையிலும் இருப்பவர் தன் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வாக்கியப் பேச்சு. அதற்குள் அந்த ஆள் முழுதாக வந்துவிடுகிறார். ஒரு பக்கம் டாக்டரின் ஆங்கிலம், இன்னொரு பக்கம் வள்ளியம்மாளின் மௌனம். கதை நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில். ஆசிரியர் எங்கும் குறுக்கே வந்து கண் துடைத்துக்கொள்வதில்லை.

குருபோங்கில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு மதுரை தெரிவதில்லை. தோட்டத்து டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர், எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பெரிய மருத்துவமனையின் முகப்பில், மலாயில் அச்சடித்த பாரத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்ற என் பாட்டி தெரிகிறாள். பாட்டிக்குப் பின்னால் வரிசை. கவுண்டருக்குள் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பாட்டிக்குப் புரிந்த ஒரே சொல் 'பெசோக்', நாளைக்கு. வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் நடந்ததை ஆறேழு பக்கத்தில் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார் என்றால், அந்த எழுத்துக்கு நான் எந்த அளவுகோலும் தேட வேண்டியதில்லை.

'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இதே உயரத்தில் நிற்கும் இன்னொரு வேலை. கீழச் சித்திரை வீதி, ரங்கு கடை, பாட்டி, தெருவே அறியும்படி சோறு கேட்டு வரும் குண்டு ரமணி. இளமை நினைவு என்றால் தமிழில் உடனே ஒரு தேன்பாகு ஊறிவிடும். இங்கே அது இல்லை. சிறுவனின் கண்ணுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைப் பெரியவனான பிறகும் அவன் விளக்க மறுக்கிறான். அந்த மறுப்பினால் அந்த மனிதர்கள் இன்னும் நடமாடுகிறார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதன் பின்னணியில் எழுதிய 'ஒரு லட்சம் புத்தகங்கள்' கதையையும் இங்கே சேர்ப்பேன். மாநாட்டு மேடைத் தமிழ்ப்பற்று எப்படிப்பட்டது என்பதை வெளிநாட்டுத் தமிழர்களான நாம் அடிக்கடி நேரில் பார்க்கிறோம். அந்தக் கதை அதைக் கூச்சல் இல்லாமல் திறந்து காட்டுகிறது.

நாடகங்களைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை. அவருடைய நாடகங்களைப் பூர்ணம் விசுவநாதன் குழுவினர் மேடையேற்றினர். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். சொன்னால் பைத்தியம் என்கிறார்கள், பிறகு அதே ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சம்பளம் நின்றுபோன மனிதனுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது அந்த அறிவியல் கற்பனையின் அடியில் ஓடும் உண்மையான விஷயம். மேடையில் வருணனைக்கு இடமில்லை, பேச்சுதான் எல்லாம். சுஜாதாவின் காதுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 'ஊஞ்சல்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு' இரண்டையும் இன்றைக்கும் ஒரு குழு எடுத்துப் போடலாம். பெரிய மாற்றம் எதுவும் செய்ய வேண்டியிராது.

இனி நாவல்கள். இங்கேதான் தராசு தாழ்கிறது.

ஒரே பொருளைப் பற்றி இரண்டு நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சென்னைத் திரைப்பட உலகைப் பற்றிய அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' ஒன்று. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'கனவுத் தொழிற்சாலை' மற்றது. இருவரும் கணையாழி இதழோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பணிபுரிந்தவர். உள்ளே இருந்து பார்த்தவர். அவருடைய நாவல் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் விடிவதற்கு முன்னே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு படப்பிடிப்புக்குக் கிளம்பும் வேலையோடு ஆரம்பிக்கிறது. அவரைப் பின்தொடர்ந்து போவோம் என்று நினைக்கும்போது அவர் கதையிலிருந்து நழுவிவிடுகிறார். பிறகு யாரோ இருவர் பேச்சில் பெயராக வருகிறார். எவருக்கும் விடைகொடுப்பதில்லை. அந்தத் தொழிலில் மனிதர்கள் கரைவது அப்படித்தான். நாவலின் வடிவமே அதன் பொருளாகிவிடுகிறது.

'கனவுத் தொழிற்சாலை'யும் கெட்ட நாவல் இல்லை. நட்சத்திரம் அருண், வாய்ப்புத் தேடி அலையும் பாடலாசிரியர், ஒதுக்கப்படும் நடிகை என்று பலரை அது தொடர்கிறது. உரையாடல்கள் அப்படியே ஸ்டூடியோ வாசலில் பொறுக்கியெடுத்தவை. தனித்தனி அத்தியாயமாகப் படித்தால் சில இடங்கள் சிறுகதை அளவுக்குப் பளிச்சிடுகின்றன. ஆனால், ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கி வேண்டியிருக்கிறது. கொக்கிக்காக ஒருவர் அழுகிறார், ஒருவர் விழுகிறார், ஒருவர் கதவைத் திறக்கிறார். வாழ்க்கை மெதுவாகத் தேய்வதைக் காட்ட வேண்டிய இடத்தில் சம்பவங்கள் வந்து நிரப்புகின்றன. படித்து முடித்தபோது எனக்குத் திரையுலகைப் பற்றிப் பல செய்திகள் தெரிந்திருந்தன. 'கரைந்த நிழல்க'ளை முடித்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

இதே கோளாறு மற்றவற்றிலும் உண்டு. 'பிரிவோம் சந்திப்போம்' பாபநாசத்தில் ஓடும் வரை நிஜமான ஈரத்தோடு இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அமெரிக்கா போனதும் காதல் பின்னுக்குப் போய்ப் பயணக் குறிப்பு முன்னுக்கு வருகிறது. 1857 எழுச்சியை வைத்து எழுதிய 'இரத்தம் ஒரே நிறம்' முதலில் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடங்கி, எதிர்ப்பினால் நின்று, பிறகு புதிதாக எழுதப்பட்டது. அவ்வளவு பெரிய களம் கையில் இருந்தும் அது பழிவாங்கும் கதையாகவே முடிகிறது. 'என் இனிய இயந்திரா'வில் இரண்டெழுத்துப் பெயர்கள், அடையாள எண்கள், எல்லோரையும் கண்காணிக்கும் ஆட்சி என்று கற்பனை அசாத்தியமாக விரிகிறது. அதில் மனதில் நிற்பது நிலாவா, சிபியா? ஜீனோ என்கிற இயந்திர நாய்தான். அந்த நாய் படிக்கிறது, யோசிக்கிறது, சட்டென்று பேசுகிறது. வேகமான அறிவும் வேகமான பேச்சும் மட்டும் போதுமான ஒரு பாத்திரம் அவருக்குக் கிடைத்தது, அது முழுமையாக வந்தது. மனிதர்களுக்கு அதற்கு மேலும் ஏதோ வேண்டியிருந்தது.

விதிவிலக்காக 'கொலையுதிர் காலம்' சொல்லத் தக்கது. பேயா, விஞ்ஞானமா என்று அவருடைய துப்பறியும் வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். கடைசிவரை இரண்டு விளக்கங்களுக்கும் இடம் வைத்திருக்கிறார். அங்கே கொக்கிகளே சிந்தனையாக மாறுகின்றன. ஆனால், கணேஷ்-வசந்த் கதைகள் அனைத்துக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் துப்பறியும் கதைகளில் ஒரு பெண் அறைக்குள் நுழைந்தால் முதலில் அவள் உடலுக்கு அளவு எடுக்கப்படுகிறது. வசந்த் ஒரு வாக்கியம் சொல்கிறான். வாசகன் சிரிக்க வேண்டும். பதினாறு வயதில் நான் சிரித்தேன். என் மகளுக்கு அதே பைண்டைக் கொடுத்தபோது இருபது பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஏன்?" என்று நான் கேட்கவில்லை, மறுபடியும் படித்தபோது எனக்கே புரிந்தது. வள்ளியம்மாளை அப்படிப் பார்க்காத கை, இங்கே ஏன் அப்படிப் பார்த்தது? அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில் அதே மனிதர் இரண்டு விதமாகவும் எழுதினார். வார இதழ் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார் என்பதுதான் விடை. கொடுக்காமல் இருக்கும் அளவுக்கு அவருக்குப் பெயரும் வேறு சம்பளமும் இருந்தன. எனவே பொறுப்பு அவருடையதே.

சங்க இலக்கிய உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புறநானூற்றையும் குறுந்தொகையையும் சின்னச் சின்ன வரிகளாக எளிமைப்படுத்தினார். கபிலரும் ஔவையாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அந்தக் குரல் சுஜாதாவுடையது. பழம்பாட்டு கேட்கும் நிதானத்தை அவர் கொடுக்கவில்லை. அவற்றைப் படித்து மூலத்துக்குப் போனவர்கள் உண்டு, அதற்கு நன்றி. திரைப்பட வசனங்களை நான் எடைக்கு எடுக்கவில்லை. 'ரோஜா'விலிருந்து 'எந்திரன்' வரை எது அவருடையது, எது இயக்குநருடையது என்று பிரிக்க வெளியிலிருப்பவனால் ஆகாது.

அறிவியல் எழுத்தும் பத்தியும் வேறு கணக்கு. 'ஏன்? எதற்கு? எப்படி?', 'தலைமைச் செயலகம்', 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' ஆகியவற்றின் தகவல்கள் இன்று பழையவை. அது அந்த வகைக்கே உள்ள விதி. ஆனால், தமிழ் வாக்கியத்துக்கு அவர் செய்தது பழையதாகவில்லை. கணினியையும் மூளையையும் பற்றித் தமிழில் முகம் சுளிக்காமல், மொழிபெயர்ப்பு வாடையில்லாமல் பேசலாம் என்பதை நிரூபித்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு, நம் மொழிக்குள் நின்றுகொண்டே அணுவைப் பற்றி யோசிக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. கணையாழியின் கடைசிப் பக்கங்களும் பின்னாளில் 'கற்றதும் பெற்றதும்' பத்தியும் புதிய கவிஞர்களையும் புதிய புத்தகங்களையும் இந்தக் கரைவரை கொண்டுவந்தன.

அதே வாக்கியம் ஒரு சேதத்தையும் செய்தது. எங்கள் வாசகர் வட்டத்தில் இளையவர்கள் படிக்கக் கொடுக்கும் கதைகளில் துண்டு வாக்கியம், ஒற்றைச் சொல் பத்தி, கடைசி வரியில் ஒரு திருப்பம் எல்லாம் இருக்கும். அவற்றின் அடியில் ஊர் இருக்காது. நானும் அப்படிப் பல வருடங்கள் எழுதினேன். அவருடைய நடையை எடுத்துக்கொள்வது சுலபம். அந்த நடைக்குப் பின்னால் இருந்த காதை எடுத்துக்கொள்ள வழியில்லை. எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பேச்சு எப்படி ஒலிக்கிறது என்று கேட்க, அவருடைய வாக்கியத்தைக் கொஞ்ச காலம் காதிலிருந்து இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

நம் மலேசியாவின் அ. ரெங்கசாமியை இங்கே நினைக்கிறேன். ஜப்பானியர் காலமும் அதை ஒட்டிய ஆண்டுகளுமே அவருடைய களம். சயாம் மரண ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்', இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி 'இமையத் தியாகம்', மலாயாவின் அவசர காலத்தைப் பற்றி 'லங்காட் நதிக்கரை'. வெகு சில நாவல்கள், ஒரே கிணறு. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒப்பிட்டால் சுஜாதாவின் மின்னல் அவரிடம் இல்லை. சில பக்கங்கள் தட்டையாகவே நகர்கின்றன. ஆனால், ரயில் பாதையில் செத்துப்போன தோட்டத்து ஆட்களை ஒருவர் உட்கார்ந்து, ஆற அமர, பெயர் சொல்லி எழுதியிருக்கிறார் என்ற கனத்தை எந்த மின்னலும் ஈடுகட்டாது. நாவல் என்ற வடிவம் கேட்பது அந்த உட்காருதலை. சுஜாதாவின் நூறு நாவல்களை ஒரு தட்டிலும் 'நினைவுச் சின்னம்' ஒன்றை மறு தட்டிலும் வைத்தால், நாவல் என்ற கணக்கில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சிறுகதை என்ற கணக்கில் அப்படியில்லை. அங்கே சுஜாதா புதுமைப்பித்தனுக்குப் பின் வந்த முதல் வரிசையில் உட்காருகிறார். அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைக்காததை வைத்து அந்த இடத்தை மறுப்பவர்கள், நூறு நாவல்களுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் அந்த இருபது இருபத்தைந்து கதைகளைப் படிக்கவில்லை. அவருடைய ரசிகர்களும் அவற்றை அதிகம் படிக்கவில்லை என்பது என் வருத்தம். வாசகர் வட்டத்தில் சுஜாதா என்றால் பத்துப் பேரில் ஒன்பது பேர் வசந்த் சொன்ன சிரிப்பைச் சொல்கிறார்கள்.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஒரே ஒரு புத்தகம் தொகுப்பேன். ஸ்ரீரங்கத்துக் கதைகள் முழுதும், மற்றச் சிறுகதைகளில் இருபது, மூன்று நாடகங்கள், கணையாழிப் பக்கங்களில் தேர்ந்த ஐம்பது. ஜீனோ வரும் சில அத்தியாயங்களைத் தனியே வெட்டிச் சேர்க்கவும் மனமிருக்கிறது. ஐந்நூறு அறுநூறு பக்கத்தில் அடங்கிவிடும். அதில் கணேஷுக்கும் வசந்துக்கும் இடமிருக்காது. சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைப் பற்றி என்னோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருப்பார். அவர் தைத்த 'ப்ரியா' அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கும். என் மகளுக்கு நான் கொடுத்த இரண்டாவது புத்தகத்தில் 'நகரம்' இருந்தது. அதை அவள் திருப்பித் தரவில்லை.